வாசலில் மண் இருக்கட்டும்

தம்பி,

உனக்கும் மருமகளுக்கும் ஸலாம். வீட்டு நலம், யார் வந்தார்கள், யாருக்குக் காய்ச்சல் என்பதையெல்லாம் உன் அம்மா தனித் தாளில் எழுதி இதே உறைக்குள் வைத்திருக்கிறாள். அந்தத் தாளை முதலில் படித்துவிட்டு இதற்கு வா. இது கொஞ்சம் நீளும். மூன்று நாளாகக் கடையில் கயிற்றுக் கட்டுகளுக்கு நடுவே உட்கார்ந்து இதைத் தொடங்குவதும், யாராவது தாம்புக்கயிறு கேட்டு வந்தால் அதுதான் சாக்கு என்று எழுந்துவிடுவதுமாக இருந்தேன். இன்று வெள்ளிக்கிழமை, கடை மதியத்துக்கு மேல் இல்லை. எழுந்து போக இடமில்லை.

உன் கடிதத்தில் இரண்டு விஷயம் கேட்டிருந்தாய். சிதம்பரத்தில் கட்டிக்கொண்டிருக்கும் புது வீட்டின் வாசலுக்கு முழுக்கச் சிமெண்டு போட்டுவிடலாம், பெர்மிட் வாங்கித் தருகிறேன் என்று மேஸ்திரி சொல்வதாகவும், உன் மாமனாருக்கும் அதுதான் விருப்பம் என்றும், உனக்கு மட்டும் நம் கடலூர் வீட்டு வாசல் மாதிரி செடியும் மண்ணுமாக வைக்க ஆசை என்றும் எழுதியிருந்தாய். அது ஒன்று. கடிதத்தின் அடியில், இடமில்லாமல் ஓரமாக வளைத்து எழுதியது இரண்டாவது. புது வீட்டில் கிணறு வெட்டுகிற அன்று, பெரியவர் ஒருவர் பிஸ்மில்லாஹ் சொல்லி முதல் மண்ணை எடுக்கட்டும் என்று இப்போது அந்த ஊரிலேயே இருக்கும் நம் பழைய பக்கத்து வீட்டு ஹனீபா மாமாவை அழைத்திருக்கிறாய். அவர் தெரு வரைக்கும் வந்து, வேலிக்கு வெளியிலேயே நின்று, "நான் வேணாம் தம்பி. என் கை உப்புக் கை. வேற யாரயாவது கூப்புடு" என்று சொல்லிவிட்டுத் திரும்பிப் போய்விட்டார். அழைத்த முறையில் ஏதாவது பிசகா, அவர் மனசு நோகும்படி நடந்துகொண்டேனா என்று கேட்டிருக்கிறாய். கிணற்று வேலையையும் தள்ளிப் போட்டிருக்கிறாய்.

உன் பக்கம் ஒரு பிசகும் இல்லை. அதை முதலில் சொல்லிவிடுகிறேன். வாசல் விஷயத்துக்குப் பதில் எழுதுவது சுலபம் என்பதால் அதை முன்னால் எழுதுகிறேன். சுலபமானதை முன்னால் செய்வது என் பழைய குணம்.

நம் வீட்டு வாசலை அப்படியே அங்கே கொண்டுபோய் வைக்காதே. இங்கே நம் காலடியில் இருப்பது மணல். ஒரு குடம் தண்ணீரைக் கவிழ்த்தால் நீ திரும்புவதற்குள் உள்ளே போய்விடும். உன் சிதம்பரத்து மண் களி. மழைக்காலத்தில் குடித்து முடிக்க நாள் பிடிக்கும், கோடையில் விரல் நுழைகிற மாதிரி வெடிக்கும். அதனால் ஒரு மழைக்காலம் முழுக்க வாசலில் எதையும் செய்யாதே. மழை பெய்யும்போது குடையைப் பிடித்துக்கொண்டு வெளியில் நின்று பார். கூரைத் தண்ணீர் எங்கே விழுகிறது, எந்தப் பக்கம் ஓடுகிறது, எங்கே தேங்குகிறது என்று பார். பக்கத்து வீட்டார் சிரிப்பார்கள், சிரிக்கட்டும். தண்ணீர் விழுகிற இடத்தில் இடுப்பளவு பள்ளம் எடுத்து உடைந்த செங்கல்லைப் போட்டு, மேலே ஆற்று மணல் பரப்பிவிடு. களி மண்ணில் தண்ணீருக்கு அப்படி ஒரு வழி காட்டினால்தான் அது கீழே இறங்கும். கேட்டிலிருந்து வாசற்படி வரை நடக்கிற பாதைக்குச் செங்கல் ஜல்லியைக் கெட்டித்து, அதன்மேல் பலகைக் கல்லை இடைவெளி விட்டுப் பதி. இடைவெளியில் புல் முளைக்கும். அதைப் பிடுங்குகிறேன் என்று மருமகள் உட்கார்ந்தால் வேண்டாம் என்று சொல்.

தெருப்பக்கம் மதில் எழுப்பாமல் நொச்சி வை. ஆடு வாய் வைக்காது, வெட்ட வெட்டத் தழையும், கொசுவுக்குப் புகை போடவும் ஆகும். பக்கவாட்டில் மருதாணி. குளிக்கிற தண்ணீரை ஒரு வாய்க்கால் கீறிக் கல்வாழைக்கு விடு. தொழுகைக்கு முன் ஒளு செய்கிற தண்ணீரை அதோடு கலக்காதே, அதில் சோப்பு இல்லை, அதை மல்லிகைக்குத் தனியாகத் திருப்பிவிடலாம். ஐந்து வேளைத் தண்ணீரும் சாக்கடைக்குப் போகாமல் செடிக்குப் போவது எனக்கு ஒரு திருப்தி. மேற்கே ஒரு புங்கன் கன்று வைத்தால் நாலைந்து வருஷத்தில் முன்னறைக்கு வெயில் வராது. உதிர்கிற சருகை எரிக்காமல் மூலையில் குவித்து வை. செடிக்குப் பூச்சி வந்தால் விவசாய டிப்போவில் வெள்ளைப் பவுடர் ஒன்று தருவார்கள், வாங்காதே. பூச்சியைத் தின்ன வருகிற குருவிக்கும் அதுதான் சாப்பாடு.

பவுடர் வேண்டாம் என்று எனக்குச் சொன்னது ஹனீபாதான். நம் மருதாணி வேலியை ஒட்டியிருந்த ஒரு செடியில் தையல்சிட்டு இலையைச் சேர்த்துத் தைத்துக் கூடு கட்டியிருந்தது. நான் பவுடரோடு நிற்கிறேன், அவர் மதிலுக்கு அந்தப் பக்கத்திலிருந்து எட்டிப் பார்த்து, "மச்சான், அவன் நம்ம தொழில்காரன். அளவெடுக்காமயே என்னைவிட நல்லாத் தைக்கிறான். அவன் வயித்துல அடிக்காதிங்க" என்றார். அவருடைய தையல் கடையைப் பற்றி ஊரில் இருந்த குறையே அளவு சரியாக இருக்காது என்பதுதான். அதை அவரே சொல்லிச் சிரிப்பார். தன் குறையைத் தானே முந்திக்கொண்டு சொல்லிவிடுகிற மனிதர் அவர். இதை நினைவில் வைத்துக்கொள்.

இனி இரண்டாவது விஷயம். நீ திருச்சியில் ஹாஸ்டலில் இருந்தபோது நடந்தது, உனக்கு முழுசாகத் தெரியாது. நம் வீட்டுக்கும் அவர் வீட்டுக்கும் ஒரே கிணறு. எல்லைச் சுவர் கிணற்றின் நடு உச்சி மேலேயே ஓடும், இந்தப் பக்கம் ஒரு கப்பி, அந்தப் பக்கம் ஒரு கப்பி. உன் அம்மாவும் அவர் மனைவி ஜெய்த்தூன் மாமியும் முகம் பார்க்காமலே தண்ணீர் இறைத்தபடி ஒரு மணி நேரம் பேசுவார்கள். கடலிலிருந்து அவ்வளவு பக்கத்தில் இருந்தும் தெருவிலேயே அந்தத் தண்ணீர்தான் இனிப்பு. அவர்கள் வீட்டுக்கு முன்னால் மண் வாசல் கிடையாது. அவர்கள் கூரையின் ஒரு பக்கச் சரிவும் நம் கூரையின் முன்சரிவும் நம் வாசல் மணலில்தான் தண்ணீரை இறக்கின. இதெல்லாம் ஒன்றுக்கொன்று சம்பந்தம் உள்ளது என்று அப்போது எனக்குத் தெரியாது. தெரிந்துகொள்ளவும் முயலவில்லை.

உன் அக்கா மைமூனைப் பெண் பார்க்க மங்கலம்பேட்டையிலிருந்து வந்தார்கள். மாப்பிள்ளையின் பெரியப்பா உள்ளே நுழையும்போது செருப்பை உதறிக்கொண்டே, "வூடு நல்லாத்தான் இருக்குது. வாசல்தான் கடற்கர மாரி இருக்குது" என்றார். எல்லோரும் சிரித்தார்கள், நானும் சிரித்தேன். அவர் பிரியாணி சாப்பிட்டுப் படுத்து எழுந்து போகும்போதே அதை மறந்திருப்பார். எனக்கு அது தைத்துவிட்டது. சம்பந்தி வீட்டார் மறுபடி வரும்போது வாசல் எடுப்பாக இருக்க வேண்டும் என்று பிடிவாதம் பிடித்தேன். சிமெண்டுக்குப் பெர்மிட் வாங்க யார் யாரையோ பார்த்தேன். கிடைத்ததும் மருதாணி வேலியை வெட்டிச் சாய்த்துவிட்டு, தெருவிலிருந்து படி வரைக்கும், மதிலிலிருந்து மதில் வரைக்கும் ஒரு சாண் மண் தெரியாமல் பூசினேன். தண்ணீர் நிற்காமல் தெருவுக்கு ஓடும்படி சரிவு வைத்தேன். பிறகு நிக்காஹுக்கு முந்தின நாள் மைமூன் கைக்கு வைக்க மருதாணி இலை கேட்டு அடுத்த தெருவுக்கு ஆள் அனுப்பினோம். உன் அம்மா இலை அரைக்கும்போது அம்மிச் சத்தம் வழக்கத்தைவிட ஜாஸ்தியாகக் கேட்டது.

சிமெண்டு வெடிக்காமல் இருக்கப் பத்து நாள் நனைக்க வேண்டும். நான் பத்திரிகை வைக்க ஊர் ஊராகப் போயிருந்தேன். காலையும் மாலையும் அந்தக் கிணற்றிலிருந்து தண்ணீர் இறைத்து என் வாசலை நனைத்தவர் ஹனீபா. அவர் ஊற்றிய தண்ணீரில்தான் அது அவ்வளவு கெட்டியாக இறுகியது.

அந்த ஐப்பசி மழை நன்றாகவே பெய்தது. இரண்டு வீட்டுக் கூரைத் தண்ணீரும் என் சிமெண்டில் விழுந்து பளபளவென்று தெருச் சாக்கடைக்கு ஓடியதை நான் நாற்காலி போட்டு உட்கார்ந்து பார்த்தேன். பெருமையாக இருந்தது. சித்திரை வந்ததும் வாளி தண்ணீரைத் தொடவில்லை. கடையிலிருந்து கயிறு கொண்டுவந்து இரண்டு முழம் கூட்டிக் கட்டினேன். கயிறு விற்கிறவனுக்கு, கயிறு நீளும்போது என்ன குறைகிறது என்பது உறைத்திருக்க வேண்டும், உறைக்கவில்லை. ஹனீபா வந்து, "மச்சான், தூர் வாங்கி ரெண்டு உறை எறக்கிடலாம். நானே நின்னு பாத்துக்கிறேன்" என்றார். "செய்ங்க மச்சான்" என்றேன். கம்மாபுரம் பக்கத்திலிருந்து கோவிந்தன் என்று ஒரு கிணறு வெட்டுகிறவரை அழைத்து வந்தார். அவர் அடியில் இன்னும் ஆழமாகத் தோண்டி இரண்டு உறை வளையங்களை இறக்கியதும் தண்ணீர் குபுகுபுவென்று வந்தது. ஒரு வாரம் இரண்டு வீட்டிலும் ஒரே சந்தோஷம். அதற்குப் பிறகு பருப்பு வேகவில்லை, சோப்பு நுரைக்கவில்லை, டீயை வாயில் வைக்க முடியவில்லை.

கோவிந்தன் மறுபடி வந்து பார்த்தார். நெய்வேலியில் சுரங்கம் வெட்டத் தொடங்கிய காலத்தில் கூலிக்குப் போய், பூமிக்கு அடியில் தண்ணீர் எப்படி அடுக்கடுக்காக நிற்கிறது என்று கண்ணால் கண்டவர். ஹனீபா அப்போது கடையில் இருந்தார். கோவிந்தன் தண்ணீரை நாக்கில் வைத்துப் பார்த்துவிட்டு என்னிடம் சொன்னது இன்றைக்கும் அப்படியே காதில் இருக்கிறது. "பாய், கெணத்தக் கொற சொல்லி ஒண்ணும் ஆவப் போறதில்ல. மேல நிக்கறது மழத்தண்ணி, கீழ நிக்கறது கடத்தண்ணி. ரெண்டு வூட்டுக் கூரத் தண்ணியும் இந்த மணல்ல எறங்கித்தான் அத அழுத்திப் புடிச்சிட்டிருந்துது. நீங்க வாசல மூடிட்டீங்க. மேல எறங்கறது நின்னுபோச்சு, அதனாலதான் மட்டம் கொறஞ்சுது, மட்டம் கொறஞ்சதாலதான் அவுரு தோண்டச் சொன்னாரு, தோண்டவும் உப்பு மேல ஏறிடுச்சு."

"ஹனீபாகிட்ட சொன்னியா?" என்று கேட்டேன்.

"இல்ல பாய். சாயந்திரம் வந்து சொல்லிட்டுப் போறேன்."

"நீ வர வேணாம். நானே சொல்லிக்கிறேன்" என்றேன்.

சொல்லிக்கொள்ளத்தான் நினைத்தேன். அதில் பொய் இல்லை. ஆனால் அன்று மாலை மஃரிபு தொழுகைக்குப் பிறகு அவர் முந்திக்கொண்டார். தொப்பியைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டு என் வாசற்படியில், அந்தச் சிமெண்டின்மேல் நின்று, "மச்சான், நான்தான் கெடுத்துட்டேன். ரெண்டு உறை எறக்கச் சொன்னது நான்தானே. எங்க தண்ணிய மட்டுமில்லாம உங்க வூட்டுத் தண்ணியயும் சேத்துக் கெடுத்துட்டேன். மன்னிச்சிக்குங்க" என்றார். நான் வாயைத் திறந்தேன். கோவிந்தன் சொன்னது நாக்கு நுனியில் இருந்தது. அதற்குப் பதிலாக என் வாயிலிருந்து வந்தது, "பரவால்ல மச்சான். தெரிஞ்சா செஞ்சிங்க" என்பதுதான்.

மன்னித்தேன், தம்பி. என்னிடம் கேட்கத் தேவையே இல்லாத மன்னிப்பை, நான் அவரிடம் கேட்டிருக்க வேண்டிய மன்னிப்பை, பெரிய மனசோடு கொடுத்தேன். அவர் அதைத் தெரு முழுக்கச் சொன்னார். பள்ளிவாசலில் இரண்டு பேர் என் கையைப் பிடித்து, வேறு ஒருவராக இருந்தால் சண்டைக்குப் போயிருப்பார், உங்களைப் போல வருமா என்றார்கள். நான் தலையைக் குனிந்துகொண்டேன். அதையும் அடக்கம் என்று எடுத்துக்கொண்டார்கள்.

இரண்டு கோடை இரண்டு வீட்டுப் பெண்களும் தெருக்குழாயில் குடத்தோடு நின்றார்கள். ஜெய்த்தூனின் அண்ணன்மார் சிதம்பரத்துக்கே வந்துவிடச் சொன்னார்கள், போய்விட்டார்கள். அவர்கள் போன அதே மாதம் நான் கடப்பாறை ஆட்களைக் கூப்பிட்டுச் சிமெண்டை உடைத்தேன். கேட்டவர்களிடம் வெடிப்பு விட்டுவிட்டது என்று சொன்னேன். ஆள் உடைத்துக்கொண்டிருக்கும்போது உன் அம்மா என் பக்கத்தில் வந்து நின்று, "வெடிப்பு எங்க இருக்குது? அவுங்க இருக்கும்போதே ஒடச்சிருக்கலாம்" என்றாள். கோவிந்தன் பேசியபோது அவள் கதவுக்குப் பின்னால் இருந்திருக்கிறாள். அதற்குப் பிறகு இன்றுவரை அவள் அந்தப் பேச்சை எடுத்ததில்லை. அவளிடம் நான் பட்ட தண்டனை அதுதான். கோவிந்தன் வந்து அந்த இரண்டு உறையையும் மணல் கொட்டித் தூர்த்தார். மருதாணி, கல்வாழை எல்லாம் வைத்தேன். நீ படிப்பு முடித்து வந்தபோது பார்த்துவிட்டு அத்தாவுக்குத் தோட்டப் பைத்தியம் பிடித்துவிட்டது என்று கேலி செய்தாயே, அது பைத்தியம் இல்லை. மூன்று மழைக்காலம் போய்த் தண்ணீர் பழைய ருசிக்கு வந்தது. இப்போது பருப்பு நன்றாக வேகிறது. கிணற்றின் அந்தப் பக்கத்துக் கப்பியில் வேறு யாரோ இறைக்கிறார்கள்.

தண்ணீர் சரியானதும் அவருக்குச் சொல்லியிருக்கலாம். இரண்டு வருஷத்துக்கு முன் சிதம்பரத்தில் அவர் வீடு வாங்கியபோது நான் போனேன், சொல்லத்தான் போனேன். பின்பக்கம் கிணற்றுக்கு இடம் இருந்தது. மச்சினன்மார் வெட்டித் தருகிறோம் என்கிறார்கள், இவர் வேண்டாம் என்கிறார். "நான் கை வச்ச கெணறு என்னா ஆச்சின்னு உங்களுக்குத் தெரியாதா மச்சான்" என்று என்னையே சாட்சிக்கு இழுத்தார். ஜெய்த்தூன் தெருக்குழாயிலிருந்து குடத்தைத் தூக்கிக்கொண்டு, முழங்காலைப் பிடித்தபடி படியேறி வந்தாள். அந்தத் தண்ணீரில் டீ போட்டுக் கொடுத்தாள். குடித்தேன். மைமூன் பிள்ளைகளைப் பற்றிப் பேசினோம். பஸ்ஸுக்கு நேரமாகிவிட்டது என்று எழுந்து வந்துவிட்டேன்.

இதுவரை அது எங்கள் இரண்டு பேருக்குள் இருந்தது. இப்போது உன் வீட்டு வேலிக்கு வெளியே வந்து நிற்கிறது. என் பிள்ளை வீட்டுக் கிணற்றைத் தன் கை கெடுத்துவிடுமோ என்று பயந்து அவர் உள்ளே வரவில்லை. வெட்கமாக இருக்கிறது, தம்பி. உன்னிடம் இதை எழுதுவதும் வெட்கம்தான். ஆனால் இத்தனை வருஷம் எழுதாமல் இருந்ததைவிட இது தேவலாம்.

உன் மாமனார் வாசல் பற்றிக் கேட்டால், அத்தா ஒரு தடவை போட்டு உடைத்தவர், அவருக்கு அனுபவம் உண்டு என்று மட்டும் சொல். ஒரு செருப்பில் மண் ஒட்டுகிறது என்பதற்காக ஒரு வாசலை மூடாதே. அதைவிட முக்கியம், உன் வாசலில் விழுகிற மழையில் பக்கத்து வீட்டுக்கும் பங்கு இருக்கிறதா என்று பார். என்றைக்காவது நீ செய்யாத தப்பை யாரும் உன் மேல் போட்டால் எதிர்த்து நில். நீ செய்த தப்பை வேறொருவர் தன் மேல் இழுத்துப் போட்டுக்கொண்டால், அந்த நிமிஷமே வாயைத் திற. அன்று மாலை எனக்குக் கஷ்டமாக இருந்தது. மறுநாள் இன்னும் கஷ்டமாக இருந்தது. ஒரு வாரம் போனதும் பழகிவிட்டது. பழகிவிட்டதுதான் ஆபத்து.

இந்தக் கடிதத்தை மாமாவிடம் படித்துக் காட்டாதே. அதை உன் தலையில் கட்ட மாட்டேன். ஞாயிற்றுக்கிழமை காலைப் பாசஞ்சரில் வருகிறேன். ஸ்டேஷனுக்கு வராதே. வந்தால் உன் வீட்டுக்கு அழைத்துப் போவாய், மருமகள் பலகாரம் வைப்பாள், நான் வெயில் தாழட்டும் என்பேன். நேராக அவர் வீட்டுக்குத்தான் போகிறேன். ஜெய்த்தூனையும் கூப்பிட்டு நிற்க வைத்து, உட்காருவதற்கு முன்னாலேயே சொல்லிவிடப் போகிறேன். அவர் என்ன சொல்வார் என்று எனக்குத் தெரியவில்லை. சிரிப்பாரா, கத்துவாரா, இத்தனை வருஷம் சுமந்த குடங்களை ஜெய்த்தூன் எண்ணிக் காட்டுவாளா, எதுவும் தெரியவில்லை. எது சொன்னாலும் அது அவர்கள் உரிமை.

மதியத்துக்கு உனக்கும் மருமகளுக்கும் மட்டும் உலை வையுங்கள். அதற்குள் நான் வரவில்லையென்றால் அவர்கள் வீட்டில் எனக்குச் சோறு போட்டிருக்கிறார்கள் என்று அர்த்தம். சீக்கிரமே வந்து நின்றால், ஒன்றும் கேட்காமல் கதவைத் திற.

உன் அத்தா